சுற்று முடிந்த பின் இழப்பு எங்கே?

பதினோராம் வகுப்பில் வெப்ப இயக்கவியல் பாடம் நடக்கையில், ஆண்டுதோறும் யாரேனும் ஒரு மாணவி எழுந்து கேட்கும் வினா ஒன்று உண்டு. “இயந்திரத்திலுள்ள வாயு ஒரு சுற்றை முடித்ததும் பழைய அழுத்தத்துக்கும், பழைய கன அளவுக்கும், பழைய வெப்பநிலைக்கும் திரும்பி விடுகிறது. ஆகவே அதன் என்ட்ரோபி மாற்றம் பூஜ்யம். என்ட்ரோபி கூடவில்லை என்றால் அது மீள் இயந்திரம். மீள் இயந்திரம் என்றால் கார்னோ இயந்திரத்தின் பயனுறுதிறன் அதற்கும் இருக்க வேண்டுமே? கணக்குப் போட்டால் ஏன் குறைவாக வருகிறது?”

மிக நல்ல வினா இது. பாடநூல் இதற்கு இரண்டு வரியில் விடை கூறிவிட்டு நகர்ந்துவிடுகிறது. கேட்டவளுக்கோ திருப்தி ஏற்படுவதில்லை. ஆகவே இவ்வாண்டு மலரில் அதைச் சற்று நிதானமாக, எண்களை வைத்தே பார்த்து விடுவோம். கணக்கைக் கண்டு தயங்கும் பெற்றோர்கள் எண்களைத் தாண்டிப் படித்தாலும் பொருள் விளங்கும். ஆனால் பதினோராம் வகுப்பு மாணவிகளுக்கு அந்தச் சலுகை இல்லை!

முதலில் ஒரு சொல் விளக்கம். ஆங்கில நூல்களில் இதற்குச் ‘சைக்கிள்’ என்று பெயர். டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல் தோன்றிய அம்பத்தூரில் வாழ்பவர்களுக்கு அச்சொல் வேறொன்றை நினைவூட்டும். நாம் ‘சுற்று’ என்றே கூறுவோம். வாயு ஒரு நிலையில் புறப்பட்டு, சூடேறி, விரிந்து, குளிர்ந்து, சுருங்கி, புறப்பட்ட நிலைக்கே வந்து சேர்வது ஒரு சுற்று. மோட்டார் வாகனம், தொழிற்பேட்டையில் மின்வெட்டு நேரத்தில் உறுமும் டீசல் ஜெனரேட்டர், ஆவடியில் ஓடிப் பார்க்கும் டாங்கி, இவை யாவும் வெப்ப இயந்திரங்களே. சூடான இடத்திலிருந்து வெப்பத்தைப் பெற்று, ஒரு பகுதியை வேலையாக மாற்றி, மீதியைக் குளிர்ந்த இடத்தில் விட்டுவிடுகின்றன. வெப்பத்தைத் தரும் இடம் வெப்ப மூலம். மீதியை வாங்கிக்கொள்ளும் இடம் வெப்ப ஏற்பி. வாங்கிய வெப்பத்தில் எத்தனை பங்கு வேலையாயிற்று என்பதே பயனுறுதிறன்.

அந்தப் பங்குக்கு மேல்வரம்பு ஒன்று உண்டு என்று முதன்முதலாகக் கண்டவர் சாடி கார்னோ என்னும் பிரெஞ்சு இளைஞர். 1824இல், தமது இருபத்தெட்டாம் வயதில், ஒரு சிறு நூலாக அதை வெளியிட்டார். அக்காலத்தில் வெப்பம் என்பது ஒருவகைத் திரவம் என்று எண்ணினார்கள். கார்னோவும் அவ்வெண்ணத்தை வைத்துக்கொண்டே எழுதினார். ஆயினும் முடிவு பிழைபடவில்லை. சிறந்த இயந்திரத்தின் பயனுறுதிறன் அதில் ஓடுவது நீராவியா, காற்றா என்பதைப் பொறுத்ததன்று; மூலத்தின் வெப்பநிலையையும் ஏற்பியின் வெப்பநிலையையும் மட்டுமே பொறுத்தது என்றார். அந்நூலை அன்று படித்தவர்கள் மிகச் சிலரே. 1832இல் காலரா நோய் கண்டு, முப்பத்தாறு வயதில் அவர் மறைந்தார். இன்று நாம் எழுதும் வாய்பாடு இது: ஏற்பியின் தனி வெப்பநிலையை மூலத்தின் தனி வெப்பநிலையால் வகுத்து, ஒன்றிலிருந்து கழிக்க வேண்டும். மூலம் 1200 கெல்வின், ஏற்பி 300 கெல்வின் எனில், 300-ஐ 1200 ஆல் வகுக்கக் கால். ஒன்றில் கால் போக முக்கால். அதாவது 75 சதவீதம். 300 கெல்வின் என்பது 27 டிகிரி செல்சியஸ், நம் ஊரில் மார்கழி மாதத்துக்கு ஏற்ற எண். மே மாத நண்பகலில் 40 டிகிரி, அதாவது 313 கெல்வின் வரும்போது இதே இயந்திரத்தின் வரம்பு சுமார் 74 சதவீதமாக இறங்கிவிடும். கோடை நம்மை மட்டுமல்ல, இயந்திரத்தையும் சோர்வடையச் செய்கிறது.

இனி நம் கணக்கு. ஒரு மோல் ஹீலியத்தை இலட்சிய வாயுவாகக் கொள்வோம். 300 கெல்வினிலும் ஒரு வளிமண்டல அழுத்தத்திலும் அதன் கன அளவு சுமார் 24.6 லிட்டர், ஒரு பெரிய குடத்தைவிடச் சற்று அதிகம். அழுத்தத்தை நேர்க்குத்தாகவும் கன அளவைப் படுக்கையாகவும் வைத்து வரைபடம் வரைந்தால், நம் சுற்று ஒரு செவ்வகம். முதல் பக்கத்தில் பிஸ்டனைப் பூட்டிவிட்டுச் சூடேற்றுகிறோம். அழுத்தம் இரு மடங்காகிறது, வெப்பநிலை 600 ஆகிறது. இரண்டாம் பக்கத்தில் அதே அழுத்தத்தில் கன அளவு இரு மடங்காக விரிய விடுகிறோம், வெப்பநிலை 1200. மூன்றாம் பக்கத்தில் பிஸ்டனை மீண்டும் பூட்டிக் குளிர்விக்கிறோம். அழுத்தம் பாதியாகிறது, வெப்பநிலை 600. நான்காம் பக்கத்தில் அதே அழுத்தத்தில் பழைய கன அளவுக்குச் சுருக்கி, 300-க்கு வந்து சேருகிறோம். இத்தகைய இயந்திரத்தை யாரும் செய்து விற்பதில்லை. ஆனால் மாணவி ஒருத்தி தாளும் பென்சிலுமாக முழுதும் கணக்கிடக்கூடியது என்பதால் இதை எடுத்துக்கொண்டேன்.

கிடைக்கும் வேலை செவ்வகத்தின் பரப்பு. அது வாயு மாறிலி 8.314-ஐ 300 ஆல் பெருக்கிய அளவு: 2,494 ஜூல். முதல் பக்கத்தில் வாயு பெறும் வெப்பம் 3,741 ஜூல். இரண்டாம் பக்கத்தில் பெறுவது 12,471. ஆக மொத்தம் 16,212. வேலையை இதனால் வகுத்தால் பயனுறுதிறன் பதின்மூன்றில் இரண்டு பங்கு, ஏறத்தாழ 15.4 சதவீதம். மீதி 13,718 ஜூல் மூன்றாம், நான்காம் பக்கங்களில் ஏற்பிக்குப் போய்விடுகிறது.

கார்னோ தந்த வரம்பு 75. நமக்குக் கிடைத்தது 15.4. உராய்வு இல்லை, கசிவு இல்லை, வாயுவோ இலட்சிய வாயு. பின் யார் எடுத்துக்கொண்டார்கள்?

இங்கேதான் என்ட்ரோபி உதவிக்கு வருகிறது. 1865இல் ஜெர்மானியரான கிளாசியஸ் இந்தப் பெயரைச் சூட்டினார். கிரேக்க மொழியில் ‘திரும்புதல், மாற்றம்’ எனப் பொருள்படும் சொல்லிலிருந்து எடுத்தது. ‘எனர்ஜி’ என்னும் சொல்லோடு ஒலியில் ஒத்திருக்க வேண்டும் என்று வேண்டுமென்றே அமைத்தார். கணக்கிடும் முறை எளிது. ஒரு பொருள் மெதுவாகப் பெறும் வெப்பத்தை, அப்போதுள்ள அதன் தனி வெப்பநிலையால் வகுக்க வேண்டும். ஒரே அளவு வெப்பமே சூடான இடத்தில் சிறிய என்ட்ரோபியாகவும், குளிர்ந்த இடத்தில் பெரிய என்ட்ரோபியாகவும் பதிவாகிறது. நூறு ரூபாய் செல்வந்தர் பெட்டியில் சிறு தொகை, கூலிக்காரர் மடியில் பெருந்தொகை என்பது போல.

நம் வாயுவுக்கு இதைச் செய்து பார்ப்போம். சூடேறும்போது வெப்பநிலை மாறிக்கொண்டே இருப்பதால் சிறு சிறு பகுதிகளாக வகுத்துக் கூட்ட வேண்டும். கூட்டினால் மடக்கை வருகிறது. 2-இன் இயல் மடக்கை 0.693 என்பதை நினைவில் கொள்க. முதல் பக்கத்தில் வாயுவின் என்ட்ரோபி 8.64 ஜூல்/கெல்வின் கூடுகிறது. இரண்டாம் பக்கத்தில் 14.41 கூடுகிறது. மூன்றாம் பக்கத்தில் அதே 8.64 குறைகிறது, நான்காம் பக்கத்தில் அதே 14.41 குறைகிறது. நிகரம் பூஜ்யம். வினாக் கேட்ட மாணவி கூறியது முற்றிலும் சரி.

ஆனால் வாயு மட்டுமா இந்த நாடகத்தில் இருக்கிறது? வெப்பம் கொடுத்த மூலமும், வாங்கிய ஏற்பியும் சுற்று முடிந்ததும் பழைய நிலைக்குத் திரும்பவில்லையே! 1200 கெல்வினில் உள்ள மூலம் 16,212 ஜூலை இழந்தது. அதன் என்ட்ரோபி 13.51 குறைந்தது. 300 கெல்வினில் உள்ள ஏற்பி 13,718 ஜூலைப் பெற்றது; அதன் என்ட்ரோபி 45.73 கூடிற்று. இரண்டும் சேர்ந்து 32.22 ஜூல்/கெல்வின் மிகுதி. முன்பு எங்கும் இல்லாத என்ட்ரோபி இது. ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகப் பிறக்கிறது. வாயுவின் கணக்குப் புத்தகத்தில் மட்டும் தேடினால் இது அகப்படாது. கடைக்காரரின் பேரேட்டிலும் பார்க்க வேண்டும்.

இப்போது இந்த 32.22-ஐ ஏற்பியின் வெப்பநிலையான 300 ஆல் பெருக்கிப் பாருங்கள். 9,666 வருகிறது. கார்னோ இயந்திரம் இதே 16,212 ஜூலை வாங்கியிருந்தால் தந்திருக்கக்கூடிய வேலை 12,159. அதில் நமக்குக் கிடைத்த 2,494-ஐக் கழித்தால் 9,665. (ஒரு ஜூல் வேறுபாடு, தசமங்களை வெட்டியதால் வந்தது.) தற்செயலன்று இது. இழந்த வேலை என்பது பிறந்த என்ட்ரோபியை ஏற்பியின் வெப்பநிலையால் பெருக்கிய அளவே என்பது பொது விதி. கூயி என்ற பிரெஞ்சுக்காரரின் பெயராலும், சூரிச் நகரில் பேராசிரியராக இருந்த ஸ்டோடோலாவின் பெயராலும் அது வழங்குகிறது.

ஆகவே இழப்பு இருவகைப்பட்டது. மூலத்தினின்று பெற்ற 16,212 ஜூலில் கால் பங்கு, அதாவது 4,053 ஜூல், எவ்வளவு திறமையான பொறியாளராலும் மீட்க இயலாதது. இயற்கை வாங்கும் வரி. அதற்கு மேல் போன 9,665 ஜூல் வரியன்று, விரயம். பத்திரிகைகளில் “இந்த இயந்திரம் மூன்றில் இரண்டு பங்கு எரிபொருளை வீணாக்குகிறது” என்று எழுதுகிறவர்கள் வரியையும் விரயத்தையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறார்கள். இது எனக்கு உடன்பாடானதன்று. எதைத் திருத்த முடியும், எதைத் திருத்த முடியாது என்று பிரித்தறிந்தால்தானே திருத்தும் வேலையைத் தொடங்க முடியும்?

விரயம் எங்கே நடந்தது என்பதையும் என்ட்ரோபியே காட்டிக்கொடுக்கும். நான்கு பக்கங்களையும் தனித்தனியே பார்ப்போம். முதல் பக்கத்தில் வாயு 8.64 பெற்றது, மூலம் 3.12 இழந்தது, புதிதாகப் பிறந்தது 5.52. இரண்டாம் பக்கத்தில் 14.41-இல் 10.39 போக 4.02. மூன்றாம் பக்கத்தில் ஏற்பி 24.94 பெற, வாயு 8.64 இழக்க, பிறந்தது 16.30. நான்காம் பக்கத்தில் 20.79-இல் 14.41 போக 6.38. மொத்த விரயத்தில் பாதி மூன்றாம் பக்கம் ஒன்றிலேயே நிகழ்கிறது! காரணம் வெளிப்படை. 1200 கெல்வினில் கொதிக்கும் வாயுவைப் பிஸ்டனைப் பூட்டிய நிலையில் 300 கெல்வின் குளிர்ச்சியில் கொண்டுபோய் நிறுத்துகிறோம். இரண்டுக்கும் இடையே 900 கெல்வின் பள்ளம். வெப்பம் அப்பள்ளத்தில் ஒரு வேலையும் செய்யாமல் விழுகிறது. வெப்பநிலை வேறுபாட்டைத் தாண்டி வெப்பம் சும்மா பாயும் ஒவ்வோரிடத்திலும் என்ட்ரோபி பிறக்கும். கார்னோவின் சுற்றில் வெப்பம் மாறும் நேரமெல்லாம் வாயுவும் அடுத்துள்ள பொருளும் ஒரே வெப்பநிலையில் இருக்கின்றன. அதனால்தான் அங்கே எதுவும் பிறப்பதில்லை.

மூன்றாம் பக்கத்தைக் காதால் கேட்க விரும்புகிறவர்கள், திருவொற்றியூரில் 1955 முதல் உருவான புல்லட் மோட்டார் சைக்கிள் வீதியில் போகும்போது கவனியுங்கள். பிஸ்டன் தன் ஓட்டத்தின் எல்லையை அடைந்துவிட்டது. மேலும் விரிய இடமில்லை. ஆனால் வாயுவில் அழுத்தமும் சூடும் மீதி இருக்கின்றன. அந்நிலையில் வெளியேற்று வால்வு திறக்க, வாயு குபீரென்று பாய்கிறது. பலர் விரும்பிக் கேட்கும் அந்த ‘டப் டப்’ ஓசை அதனால் வருவது. ஓசையில் போகும் ஆற்றல் மிகச் சிறிது. உடன் போகும் வெப்பம்தான் பெரிது.

அந்த வாயுவைச் சும்மா விடாமல் இன்னும் சற்று வேலை வாங்கலாமே? வாங்குகிறார்கள், நம் ஊரிலேயே. 1987இல் நிறுவப்பட்ட ஆவடி என்ஜின் தொழிற்சாலை, டாங்கிகளுக்கான டீசல் என்ஜின்களைச் செய்கிறது. டி-72 டாங்கிக்கான வி-46-6 என்ஜின் 780 குதிரைத் திறன் உடையது. பன்னிரண்டு சிலிண்டர்கள், எல்லாம் சேர்ந்து சுமார் 39 லிட்டர். இதில் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவியை என்ஜினின் தண்டே பற்சக்கரங்கள் மூலம் சுழற்றுகிறது. அதாவது சம்பாதித்த வேலையிலிருந்து ஒரு பங்கைச் செலவிடுகிறது. டி-90 டாங்கிக்கான வி-92-எஸ்-2 அதே குடும்பத்தைச் சேர்ந்த, அதே அளவுள்ள என்ஜின். ஆனால் அதில் காற்றைத் தள்ளும் கருவியைச் சுழற்றுவது வெளியேறும் புகையால் ஓடும் சிறு டர்பைன். மூன்றாம் பக்கத்தில் வீணாகிய வாயு இங்கே கூலியில்லாமல் வேலை செய்கிறது. திறன் 1000 குதிரை. இந்த உயர்வு முழுவதும் விரயத்தைத் தடுத்ததால் வந்ததன்று; அதிகக் காற்று உள்ளே போவதால் அதிக எரிபொருளை எரிக்க முடிகிறது என்பதே பெரிய காரணம். என்றாலும் அக்காற்றைத் தள்ளும் செலவைப் புகை ஏற்றுக்கொள்கிறது. முற்றிலும் உள்நாட்டிலேயே செய்யப்பட்ட இவ்விரு என்ஜின்களும் 2018 ஜூலையில் ஆவடியில் இராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டன. 2021 அக்டோபர் முதல் இத்தொழிற்சாலை, ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட கவச வாகன நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. உங்களில் சிலரது தந்தையரோ, தாத்தாவோ அங்கே பணிபுரிந்திருக்கலாம். இந்த டர்பைனைப் பற்றி அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், என்னைவிட நன்றாக விளக்குவார்கள்.

780 குதிரைத் திறன் என்பது சுமார் 574 கிலோவாட். எரிபொருளின் வெப்பத்தில் மூன்றிலொரு பங்கு வேலையாகிறது என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 1,150 கிலோவாட் வெப்பத்தை வெளியே தள்ளியாக வேண்டும். ஒரு கவசப் பெட்டிக்குள் 1,150 இஸ்திரிப் பெட்டிகளை ஒருசேரச் சூடாக்கி வைத்ததற்குச் சமம் இது. டாங்கியைக் குளிர்விக்கும் ரேடியேட்டருக்கும் விசிறிக்கும் எதற்காக அத்தனை இடம் ஒதுக்குகிறார்கள் என்பது இப்போது விளங்கும்.

மற்றொரு வழியும் உண்டு. 1816இல் ஸ்காட்லாந்து நாட்டுச் சமய ஊழியரான ராபர்ட் ஸ்டெர்லிங் காட்டிய வழி அது. நம் செவ்வகத்தைப் பாருங்கள். மூன்றாம் பக்கத்தில் வாயு 1200-இலிருந்து 600-க்கு இறங்கும்போது 7,483 ஜூலை எறிகிறது. முதல் பக்கத்தில் 300-இலிருந்து 600-க்கு ஏற 3,741 ஜூல் வேண்டும் என்கிறது. எறிவதில் பாதியை ஒரு கம்பிவலைக் கற்றையில் சேமித்து வைத்து, அடுத்த சுற்றில் முதல் பக்கத்துக்குக் கொடுத்தால் என்ன? அப்போது மூலம் தரவேண்டியது இரண்டாம் பக்கத்தின் 12,471 மட்டுமே. வேலை அதே 2,494. பயனுறுதிறன் 20 சதவீதமாக உயர்கிறது. முதல்நாள் மீந்த சோற்றில் நீர் ஊற்றி மறுநாள் பழையது சாப்பிடும் வீட்டில் இதற்கு விளக்கம் தேவையில்லை.

“அப்படியே திருத்திக்கொண்டே போய்க் கார்னோவின் 75-ஐ எட்டலாமா?” என்று கேட்பீர்கள். எட்டலாம், ஆனால் பயனில்லை. வாயுவும் மூலமும் ஒரே வெப்பநிலையில் இருந்தால் வெப்பம் பாய அளவற்ற காலம் பிடிக்கும். இயந்திரம் மிகச் சிறந்த பயனுறுதிறனோடு நகராமல் நிற்கும். வேகம் வேண்டுமானால் வெப்பநிலையில் சிறிது பள்ளம் வேண்டும். பள்ளம் இருந்தால் என்ட்ரோபி பிறக்கும். இந்த இழுபறியை 1975இல் கனடா நாட்டில் கர்சன், ஆல்போர்ன் என்ற இருவர் ஆராய்ந்தார்கள். மற்ற யாவும் குறைவற இருந்து, வெப்பம் பாயும் வேகம் மட்டுமே தடையாக உள்ள எளிய இயந்திரம், மிகுந்த திறனைத் தரும் வேகத்தில் ஓடினால், அதன் பயனுறுதிறனுக்குக் கார்னோ வாய்பாட்டில் விகிதத்துக்குப் பதிலாக விகிதத்தின் வர்க்கமூலத்தைப் போட வேண்டும் என்று கண்டார்கள். நமக்கு விகிதம் கால். அதன் வர்க்கமூலம் அரை. ஆகவே 50 சதவீதம்.

நம் வீட்டு மின்விளக்குக்கும் இதே சட்டம்தான். அத்திப்பட்டில் உள்ள வடசென்னை அனல் மின் நிலையத்தின் பழைய 210 மெகாவாட் பிரிவு போன்றவற்றில் நீராவி சுமார் 540 டிகிரி செல்சியஸில் டர்பைனுக்குள் நுழைகிறது, குளிர்விப்பது கடல்நீர். 813 கெல்வினுக்கும் 303 கெல்வினுக்கும் இடையே கார்னோ வரம்பு 63 சதவீதம். இத்தகைய பழைய நிலையங்களில் நடைமுறையில் கிடைப்பது அதில் பாதியைச் சற்றே தாண்டும். நீராவி இலட்சிய வாயு அன்று, சுற்றும் வேறு. ஆயினும் ஏற்பிக்குப் போகும் பங்கு போயே தீரும். எண்ணூர்க் கழிமுகத்து மீனவர்கள் வெந்நீர் கலப்பதைப் பற்றி முறையிடும் செய்தியைப் படிக்கும்போது, நம் வகுப்பில் ‘ஏற்பி’ என்று ஒரு கட்டமாக வரைந்துவிட்டுப் போகிற இடத்தில் மீனும் இறாலும் வாழ்கின்றன என்பதை எண்ணிக்கொள்ளுங்கள். ஏற்பியின் என்ட்ரோபி கூடுகிறது என்று எழுதுவது எளிது.

விடுமுறையில் செய்ய ஒரு கணக்கு. ஹீலியத்துக்குப் பதில் காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரணு மூலக்கூறுகள் ஆதலால், மாறாக் கன அளவில் அதன் மோலார் தன்வெப்பம் வாயு மாறிலியைப் போல் இரண்டரை மடங்கு. மாறா அழுத்தத்தில் மூன்றரை மடங்கு. (உயர் வெப்பநிலையில் இது சற்று மாறும், இங்கே மாறாதெனக் கொள்க.) அதே செவ்வகம், அதே வெப்பநிலைகள். பயனுறுதிறன் பத்தொன்பதில் இரண்டு பங்கு என்று வரவேண்டும். பிறக்கும் என்ட்ரோபியையும் கண்டுபிடித்து, 300 ஆல் பெருக்கி, இழந்த வேலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நான்கு பக்கங்களில் அதிக விரயம் இப்போதும் மூன்றாம் பக்கத்தில்தானா என்பதையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.